எஃகில் எழுத ஒரு மெழுகுத்தாள்

துளையின் அளவைச் சரிபார்க்கும் பிளக் கேஜ் ஒன்றை எவ்வளவு நுட்பமாக அரைத்து முடித்தாலும், அதன் மேல் அளவும் எண்ணும் பொறிக்கப்படாத வரை அது கேஜ் ஆகாது. 20 எச்7 (20 மி.மீ. விட்டத் துளை; எவ்வளவு கூடலாம் என்ற எல்லையைக் குறிப்பது எச்7) என்று வரைபடத்தில் குறித்திருந்தால், 20.000 மி.மீ. முனை துளைக்குள் நுழைய வேண்டும், 20.021 மி.மீ. முனை நுழையக் கூடாது. இந்த 21 மைக்ரான் வேறுபாட்டைக் கண்ணால் காண முடியாது, விரலால் தடவியும் அறிய முடியாது. எது ‘கோ’, எது ‘நோ-கோ’, எந்த வரிசை எண்ணுள்ள கேஜ் எப்போது அளவுச் சோதனைக்குப் போய்வர வேண்டும் என்பதையெல்லாம் அதன் கைப்பிடியில் உள்ள எழுத்துகளே சொல்லியாக வேண்டும். கோவையில் பம்பு உற்பத்தியாளர்களுக்காக இத்தகைய கேஜ்களையும், வேலைப்பொருளை அசையாமல் பிடிக்கும் ஃபிக்ஸ்சர்களையும் செய்துகொடுக்கும் ஒரு சிறிய டூல் ரூமில் வேலை செய்பவன் என்ற முறையில், அந்த எழுத்துகளை எஃகின் மேல் எப்படி இடுவது என்பது எனக்கு அன்றாடக் கேள்வி. அந்தக் கேள்விக்கு நான் கண்ட நல்ல விடை, அலுவலகங்கள் கைவிட்டுவிட்ட ஒரு பொருளில் இருந்தது. ஜெராக்ஸுக்கு முன் படிகள் எடுக்கப் பயன்பட்ட சைக்ளோஸ்டைல் இயந்திரத்துக்காகத் தட்டச்சில் வெட்டும் ஸ்டென்சில் தாள்தான் அது.

வேறு வழிகள் இல்லையா என்று கேட்பவர்களுக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். முனையில் எண் செதுக்கிய எஃகு அச்சான நம்பர் பஞ்சை வைத்துச் சுத்தியலால் அடிப்பது பழைய வழி. ஆனால் கேஜ் செய்யும் ஓ.எச்.என்.எஸ். வகைக் கருவி எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்து ஹார்டனிங் செய்து, ராக்வெல் அளவுகோலில் 60 எச்.ஆர்.சி. கடினத்துக்குக் கொண்டுவந்த பிறகு அதன் மேல் பஞ்ச் பதியாது. மீறி அடித்தால் பஞ்சின் முனை நொறுங்கும், அல்லது கேஜில் விரிசல் விழும். ஹார்டனிங்குக்கு முன்பே அடித்துவிட்டால், பஞ்ச் உலோகத்தை ஒதுக்கித் தள்ளுவதால் ஓரங்கள் மேடிட்டு நிற்கும்; பிற்பாடு கிரைண்டிங்கில் அந்த மேட்டோடு எழுத்தின் ஒரு பகுதியும் போய்விடும். பாத்திரக்கடைகளில் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டப் பயன்படும் அதிர்வுப் பேனா கடின எஃகின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். லேசர் மிக நல்ல முறை, கோவையில் ஜாப் வொர்க்காகவும் செய்துதருகிறார்கள். ஆனால் நான்கு கேஜ்களுக்காக அங்கே அனுப்பி, வரிசையில் காத்திருந்து, திரும்பப் பெறுவது எங்களைப் போன்ற சிறிய இடங்களுக்குக் கட்டுப்படியாவதில்லை.

மின்வேதி முறையில் எழுத்துப் பதிப்பதற்கு உலோகத்தின் கடினம் ஒரு பொருட்டே அல்ல. எஃகுத் துண்டை மின்கலத்தின் நேர்முனையோடு இணைத்து, எதிர்முனையை ஃபெல்ட் என்னும் தடித்த கம்பளித்துணி சுற்றிய ஓர் உலோகக் கட்டையோடு இணைத்து, அந்த ஃபெல்ட்டை உப்புநீரில் நனைத்து எஃகின் மேல் வைத்தால், ஈரம் தொடும் இடத்தில் இரும்பு அணு அணுவாகக் கரைந்து வெளியேறுகிறது. எவ்வளவு கரையும் என்பதை ஃபாரடேயின் விதி முன்கூட்டியே சொல்லிவிடும்: ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஏறக்குறைய 1.04 கிராம் இரும்பு கரையும். மிகச் சிறிய எழுத்துகளில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். எல்லா எழுத்துகளின் கோடுகளும் சேர்ந்து 5 சதுர மி.மீ. பரப்பு என்று கொண்டு, அரை ஆம்பியர் வீதம் பத்து விநாடி பாய்ச்சினால், மின்னோட்டம் முழுவதும் கரைப்பதற்கே பயன்படும் நிலையில், சுமார் 37 மைக்ரான் ஆழம் கிடைக்கும். விரல் நகத்தால் உணரக்கூடிய, எண்ணெய்க் கையால் ஆண்டுக்கணக்கில் பிடித்தாலும் அழியாத ஆழம் அது. சுத்தியல் இல்லை, சூடு இல்லை, எஃகின் உள்ளமைப்பில் மாற்றம் இல்லை.

எல்லாச் சிக்கலும் இடையில் வைக்கும் மறைப்பில்தான் இருக்கிறது. எழுத்து வேண்டிய இடத்தில் ஈரத்தை விட்டு, வேண்டாத இடத்தில் தடுக்கும் ஒரு படலம் வேண்டும். விளம்பரப் பலகைக்காரர்கள் பயன்படுத்தும் வினைல் ஸ்டிக்கரை வெட்டி ஒட்டலாம். பெரிய எழுத்துகளுக்கு அது போதும். 3 மி.மீ. உயர எழுத்துக்கு வந்தால் வெட்டும் கத்தி தடுமாறுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை எழுத்துகளின் நடுவே உள்ள தீவுகள். ‘0’ என்ற எண்ணின் நடுவட்டம், ‘8’இன் இரண்டு கண்கள், ‘A’இன் முக்கோணம் ஆகியவை சுற்றிலும் வெட்டப்பட்டதும் பிடிப்பின்றி உதிர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் ஊசிமுனையால் எடுத்து இடம் பார்த்து ஒட்ட வேண்டும், அல்லது சுவரில் ஸ்டென்சில் அடிப்பவர்கள் செய்வதுபோல் எழுத்தின் இடையே பாலம் விட வேண்டும். கேஜில் பாலம் விட்ட 8-ஐ, எண்ணெய் படிந்திருக்கும்போது 3 என்று படித்துவிட வாய்ப்பு உண்டு. அளவு எழுதும் இடத்தில் அந்த வாய்ப்பை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

சைக்ளோஸ்டைல் ஸ்டென்சில் இந்தச் சிக்கலை நூற்றாண்டுக்கு முன்பே தீர்த்துவிட்டது. அதன் உயிர் மேலே தெரியும் நீலப் பூச்சில் இல்லை, உள்ளே மறைந்திருக்கும் நார்த்தாளில் இருக்கிறது. காகித மல்பெரி மரப்பட்டையின் நீண்ட நார்களால் ஜப்பானில் செய்யப்பட்ட, ஊதினால் பறக்கும் அளவு மெல்லிய தாளை அடித்தளமாகக் கொண்டு, அதன் மேல் தொடக்கத்தில் மெழுகையும், பின்னாளில் நைட்ரோசெல்லுலோஸ் சார்ந்த பூச்சுகளையும் ஏற்றினார்கள். தட்டச்சின் எழுத்தச்சு வந்து மோதும்போது பூச்சு மட்டும் விலகி ஒதுங்குகிறது. நார்கள் அறுபடாமல் அப்படியே நிற்கின்றன. ஆகவே ‘0’இன் நடுவட்டம் உதிர்வதில்லை, நார்கள் அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்கின்றன. நார்களின் இடைவெளி வழியே சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் மை கசிந்தது; என் மேசையில் உப்புநீர் கசிகிறது. பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது, நனைந்த நார் வழிவிடும். இந்த வேலைக்கென்றே ஒருவர் புதிதாகத் திட்டமிட்டுத் தாள் செய்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமாகச் செய்திருக்க முடியுமா என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

இந்தத் தாளின் வரலாற்றில் பலர் பங்களித்திருக்கிறார்கள். எடிசன் தாளில் நுண்துளையிடும் மின்பேனாவுக்கு 1876-இல் காப்புரிமை பெற்றார். ஹங்கேரியில் பிறந்து லண்டனில் தொழில் நடத்திய டேவிட் கெஸ்டெட்னர், முனையில் பற்சக்கரம் பொருத்திய சைக்ளோஸ்டைல் பேனாவுக்கு 1881-இல் காப்புரிமை பெற்றார். சிகாகோவின் ஏ.பி. டிக் எடிசனின் காப்புரிமையை உரிமம் பெற்று, 1887-இல் மிமியோகிராஃப் என்ற பெயரில் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஜப்பானில் ஹோரி ஷின்ஜிரோ 1894-இல் மெழுகுத்தாளில் எழுத்தாணியால் கீறி அச்சிடும் கருவியை உருவாக்கினார். கெஸ்டெட்னர் இளமையில் சிகாகோ தெருக்களில் ஜப்பானியப் பட்டங்களை விற்றார் என்றும், அந்தப் பட்டத்தாளின் உறுதிதான் அவருக்கு இந்த எண்ணத்தைக் கொடுத்தது என்றும் ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. கதையின் உண்மை எப்படியிருந்தாலும், அவர் நம்பியது நார்த்தாளைத்தான்.

உலோகத்துக்கும் மெழுகுக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. எஃகின் மேல் மெழுகு பூசி, அதைக் கீறி, அமிலம் ஊற்றி ஐரோப்பியப் போர்க்கவசங்களில் சித்திர வேலை செய்திருக்கிறார்கள். தட்டச்சு ஸ்டென்சிலும் தொழிற்சாலைகளுக்குப் புதிதன்று. மின்வேதிக் குறியிடும் கருவிகளை விற்ற நிறுவனங்களே தட்டச்சில் வெட்டக்கூடிய தாள்களையும் சேர்த்து விற்றன. நம் ஊரில் அந்தத் தனித்தாள்கள் எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை அதிகம். ஆனால் அதே வேலையைச் செய்யும் அலுவலக ஸ்டென்சில்கள் ஒரு காலத்தில் ஒவ்வொரு தாலுகா ஊரின் ஸ்டேஷனரிக் கடையிலும் கட்டுக்கட்டாக இருந்தன.

இன்று அவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஜெராக்ஸ் வந்து சைக்ளோஸ்டைலை ஓரங்கட்டிய பிறகு யாரும் அவற்றைத் திட்டமிட்டு அழிக்கவில்லை; அலமாரியின் மேல்தட்டில் வைத்து மறந்துவிட்டார்கள். மூடப்பட்ட தட்டச்சுப் பயிலகங்கள், கூட்டுறவுச் சங்க அலுவலகங்கள், தொழிற்சங்கக் கட்டடங்கள், பழைய பள்ளிகளின் பொருள் அறைகள், நீதிமன்றங்களைச் சுற்றியுள்ள தட்டச்சர் கடைகள் ஆகிய இடங்களில்தான் எனக்குக் கிடைத்திருக்கின்றன. டவுன்ஹால் பக்கத்தில் ஒரு பழைய ஸ்டேஷனரிக் கடையின் பெரியவர், நான் கேட்டதும் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “ஸ்டென்சில் கேட்டு ஆள் வந்து எத்தனை வருசமாச்சுங்க தம்பி, ரோனியோ மெஷின் இன்னும் ஓடுதுங்களா?” என்றார். எஃகில் எழுத்துப் பதிக்கத்தான் என்று விளக்கி, பையிலிருந்த ஒரு கேஜை எடுத்துக் காட்டியதும், அவரே ஏணி போட்டுப் பரணில் ஏறினார். கோரஸ் நிறுவனத்தின் ஸ்டென்சில் பெட்டி ஒன்றைத் தூசி தட்டிக் கையில் கொடுத்து, அன்று அச்சிட்டிருந்த விலையை மட்டும் வாங்கிக்கொண்டார். அதற்குமேல் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

இப்படித் தேடும்போது வெற்றுத் தாள்களோடு ஏற்கெனவே தட்டச்சு செய்து ஓட்டிய ஸ்டென்சில்களும் வருவதுண்டு. மறுபடி படி தேவைப்பட்டால் எடுக்கலாம் என்று, மையை ஒற்றி எடுத்து, செய்தித்தாள் மடிப்புகளுக்கு நடுவே பத்திரப்படுத்தியிருப்பார்கள். ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் அரையாண்டுத் தேர்வு வினாத்தாள், சங்கத்தின் பொதுக்குழு அழைப்பு, போனஸ் கோரிக்கைத் துண்டறிக்கை என்று ஒவ்வொன்றும் ஒளியாகத் தெரியும். அவற்றின் ஓரத்தில் எழுதப்படாத இடம் மிச்சமிருக்கும். வெட்டி எடுத்தால் பல கேஜ்களுக்கு ஆகும். ஆனால் அப்படி வெட்டக் கூடாது என்பதில் எனக்கு உறுதியுண்டு. அச்சான படிகள் எல்லாம் காணாமல் போன பிறகு அந்த ஒரு தாள்தான் மூலமாக எஞ்சியிருக்கக்கூடும். அவற்றை உரியவர்களிடம் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். வாங்கிக்கொள்ள ஆளில்லை என்றால் தனியாக எடுத்து வைக்கிறேன்.

கிடைத்த வெற்றுத் தாள்கள் எல்லாம் உதவுவதில்லை. பூச்சில் கலந்த மென்மையூட்டும் பொருள்கள் காலப்போக்கில் வற்றிவிடுவதால் தாள் முறுகிப்போகும். ஒரு மூலையை மெதுவாக மடித்து நிமிர்த்திப் பார்த்தால் நல்ல தாள் மடிப்புத்தடம் மட்டும் காட்டும், கெட்ட தாளில் பூச்சு வெடித்து வெள்ளைக்கோடு விழும். ஸ்டென்சிலோடு இணைந்து வரும் பின்தாளில் எண்ணெய்க்கறை படர்ந்திருந்தால், தாளிலிருந்த மென்மை அங்கே இறங்கிவிட்டது என்று பொருள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஊசித்துளைகளைத் தேடுவது அடுத்த சோதனை. கண்ணை முழுவதும் நம்பாமல், எழுத்தே வெட்டாத ஒரு துண்டைப் பழைய எஃகுத் தகட்டின் மேல் வைத்து மின்சாரம் பாய்ச்சிப் பார்ப்பது இன்னும் நல்லது: தகட்டில் புள்ளி விழுந்தால் தாளில் துளை இருக்கிறது. ஓரிரு துளைகளுக்காகத் தாளைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பிழை திருத்தப் பூசிய சிவப்புக் கரெக்டிங் ஃப்ளூயிட் இப்போது பாட்டிலிலேயே காய்ந்து கிடக்கும். ஆனால் நகப்பூச்சும் நைட்ரோசெல்லுலோஸ் கரைசல்தான் என்பதால் ஒரு துளி வைத்தால் துளை அடைபட்டுவிடும்.

வெட்டுவதற்குத் தட்டச்சு இயந்திரம் வேண்டும், அதைவிட முக்கியமாக, ஸ்டென்சில் வெட்டத் தெரிந்த கை வேண்டும். தமிழ்நாட்டில் அரசுத் தட்டச்சுத் தேர்வுகள் இன்னும் நடப்பதால் பயிலகங்களும் அவற்றின் ரெமிங்டன், கோத்ரெஜ் இயந்திரங்களும் முற்றாக மறைந்துவிடவில்லை. நான் போகும் பயிலகத்தின் ஆசிரியை, பணி தொடங்கிய காலத்தில் பள்ளிகளுக்கு வினாத்தாள் ஸ்டென்சில் வெட்டிக் கொடுத்தவர். ரிப்பன் நெம்புகோலைச் சிவப்பிலும் நீலத்திலும் நிற்காமல் வெள்ளைப் புள்ளிக்குக் கொண்டுவந்தால் ரிப்பன் விலகி எழுத்தச்சு நேரடியாகத் தாளில் விழும் என்பதையும், முதலில் எழுத்தச்சுகளைப் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதையும் அவரிடம்தான் கற்றேன். “எல்லா எழுத்துக்கும் ஒரே பலம் கொடுக்கக் கூடாதுங்க தம்பி. ‘எம்’முக்கு நல்லா அடிக்கணும், ‘ஓ’வுக்குத் தட்டிட்டு விட்டுடணும், முற்றுப்புள்ளிக்குத் தொட்டாலே போதும்” என்றார். பரப்பு சிறிதாக இருக்கும் எழுத்தில் முழு விசையும் ஓரிடத்தில் குவிவதால் நாரும் அறுந்து ஓட்டை விழுந்துவிடும். பரப்பு பெரிதாக இருக்கும் எழுத்தில் விசை பரவிப்போய்ப் பூச்சு பாதிதான் விலகும். இந்தக் கணக்கை அவர் விரல்கள் சிந்திக்காமலே போடுகின்றன. பைகா எழுத்துள்ள இயந்திரத்தில் ஓர் அங்குலத்துக்கு 10 எழுத்து, எலைட் இயந்திரத்தில் 12 எழுத்து. ஒல்லியான கைப்பிடிகளுக்கு எலைட்தான் எனக்கு ஏற்றது.

தமிழ் எழுத்துகளை இப்படிப் பதித்துப் பார்க்கும் ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது. மரவேலை செய்யும் நண்பர் ஒருவர் தம் உளிகளில் தமிழிலேயே பெயர் வேண்டும் என்று கேட்டபோது அதற்கு வாய்ப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா வகுத்த விசைப்பலகை, தமிழ் எழுத்துகள் அத்தனையையும் ஒரு சாதாரணத் தட்டச்சு இயந்திரத்துக்குள் அடக்கியது. புள்ளி போன்ற குறிகளுக்கு நகராத விசைகள் உண்டு. புள்ளியை முதலில் தட்டினால் உருளை நகராது, அடுத்துத் தட்டும் மெய் அதன் கீழே வந்து அமரும். ஸ்டென்சிலில் இதற்குத் தனிக் கவனம் தேவை. புள்ளியைச் சாதாரணமாகத் தட்டினாலே தாள் பொத்துக்கொண்டு போகும், பொத்துப்போன புள்ளி எஃகில் தேவைக்கு மேல் அகலமாகவும் ஆழமாகவும் அரிக்கும். ஆசிரியை புள்ளிக்கு மட்டும் விசையைத் தட்டாமல் விரலால் மெல்ல அழுத்தி அச்சைத் தாள்வரை கொண்டுபோய்த் தொடவிட்டார். சுழிகளும் வளைவுகளும் நிறைந்த ண, ஞ போன்றவை மங்கிப்போகும் என்று எண்ணியிருந்தேன். கோடு ஒவ்வொன்றும் தனித்துத் தெளிவாக விழுந்தது. உளியின் கழுத்தில் 3 மி.மீ. உயரத்தில் அந்தப் பெயரைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, எந்தக் கேஜை முடித்தபோதும் ஏற்பட்டதில்லை.

பதிக்கும் முறையைப் பொறுத்தவரை சில செய்திகளை மட்டும் சொல்கிறேன். மின்சாரம் கட்டாயமாகத் தனிமைப்படுத்திய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தோ பேட்டரியிலிருந்தோ வர வேண்டும். கை நனைந்திருக்கும் வேலையில் வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பு எந்த வகையிலும் இருக்கக் கூடாது. 12 வோல்ட் போதும். தொடரிணைப்பில் கார் பிரேக் விளக்கின் 21 வாட் பல்பு ஒன்றைச் சேர்த்துவிட்டால், முனைகள் தவறித் தொட்டுக்கொண்டாலும் மின்னோட்டம் இரண்டு ஆம்பியரைத் தாண்டாது, பல்பு எரிந்து எச்சரிக்கையும் கொடுக்கும். எஃகில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது. ஃபெல்ட் ஈரமாக இருந்தால் போதும், சொட்டச் சொட்ட இருந்தால் நீர் தாளின் அடியில் பரவி எழுத்தின் ஓரம் கலங்கும். தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமல் இரண்டு மூன்று விநாடி தொட்டு எடுத்து, மீண்டும் தொட வேண்டும். இடைவெளியில் வாயுக்குமிழ்கள் வெளியேறும், சூடும் தணியும். சூடு ஏறினால் முதலில் கெடுவது ஸ்டென்சிலின் பூச்சுதான். நேர்மின்னோட்டம் எழுத்தைத் தோண்டும்; பிறகு அதே இடத்தில் மாறுமின்னோட்டத்தைச் சில விநாடி கொடுத்தால் எழுத்தின் அடியில் ஆக்சைடு படிந்து கறுத்து, படிக்க எளிதாகும். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவித் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். உப்பு எஞ்சினால் மறுநாளே துரு தெரியும். எவர்சில்வரில் செய்பவர்கள் கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், வாங்கிய மின்பகுநீரைக் கொண்டு செய்வது நல்லது. உப்புநீரில் அதைக் கரைக்கும்போது குரோமியம், நிக்கல் சேர்மங்களும் உண்டாகும். அந்தக் கசடைக் கையால் துடைப்பதும் சாக்கடையில் ஊற்றுவதும் சரியல்ல.

இந்தத் தாளுக்கு மாற்றுகளும் வந்துவிட்டன. வெப்பத்தால் எழுத்து வெட்டும் லேபிள் பிரிண்டருக்கு ஸ்டென்சில் நாடா விற்கிறார்கள். ரிசோகிராஃப் போன்ற டிஜிட்டல் டூப்ளிகேட்டர்களின் மாஸ்டர் தாளும் இதே குடும்பம்தான்: அடியில் நார்த்தாள், மேலே மிக மெல்லிய பாலியெஸ்டர் படலம், வெப்ப முனை தொட்ட இடத்தில் படலம் மட்டும் உருகித் துளை விழும். பழைய ஸ்டென்சிலையே டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் ரிப்பனைக் கழற்றிவிட்டு ஓட்டியும் வெட்டலாம். முத்திரைச் சின்னமோ வேண்டிய எழுத்துருவோ தேவைப்படும்போது நான் அப்படித்தான் செய்கிறேன். 9 ஊசிப் பிரிண்டரில் எழுத்து புள்ளி புள்ளியாக விழும், 24 ஊசியில் ஏறக்குறையத் தொடர்கோடாகும். பூச்சுத் துகள் ஊசிகளில் அடைத்துக்கொள்வதால் ஒவ்வொரு முறையும் தலையைத் துடைக்க வேண்டும். இருந்தாலும் எண்ணும் அளவும் எழுதுவதற்குத் தட்டச்சு எழுத்தச்சின் கோட்டுக்கு ஈடாக இவற்றில் எதையும் நான் வைக்க மாட்டேன். எழுத்தச்சு ஒரே அடியில் முழு வடிவத்தையும் வெட்டுவதால் கோட்டின் இரு ஓரங்களும் கூர்மையாக நிற்கின்றன, 6-க்கும் 8-க்கும் உள்ள வேறுபாடு சிறிய அளவிலும் தெளிவாக இருக்கிறது.

ஆகவே பிரிக்காத ஸ்டென்சில் பெட்டி ஏதேனும் உங்கள் அலுவலகத்திலோ பள்ளியிலோ வீட்டிலோ இருந்தால், அதை எடைக்குப் போடுவதற்கு முன் அருகிலுள்ள டூல் ரூமிலோ, கத்தியும் உளியும் செய்பவரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். தகரக்கூரையின் கீழ் வெயில் தாக்கும் பரணில் பெட்டி இருந்தால் முதலில் கீழே இறக்கிவிடுங்கள். வெப்பம் தாளை முறுக்கிவிடும், நைட்ரோசெல்லுலோஸ் எளிதில் தீப்பற்றக்கூடியதும் ஆகும். தாள்களைச் சுருட்டாமல், மேலே பாரம் ஏற்றாமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் தட்டையாக, நிழலான அலமாரியில் வையுங்கள். இடையிலுள்ள கார்பன் தாளைத் தூக்கி எறிய வேண்டாம். வெட்டிய எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்பதைப் பின்தாளில் படித்துப் பார்க்க அது தேவைப்படும்.